சிறுபான்மைக் கட்சியும் அதனினும் சிறியோரும்

அந்நியர் ஆட்சி நீங்கி ஒரு தேசம் தன்னரசு பெறும் நாளில் அத்தேசத்துப் பெருந்தொகையினர் கொடியேற்றி மகிழ்வர். சிறுதொகையினரோ மகிழ்ச்சியோடு அச்சமும் கலந்த நெஞ்சினராய் நிற்பர். "நேற்றுவரை நம்மெல்லோரையும் ஆண்டவன் புறத்தான், நாளை நம்மை ஆளப்போகிறவன் நம்மினும் தொகையில் மிக்க அயலான் அன்றோ?" என்னும் ஐயம் அவர் உள்ளத்தே எழுவது இயற்கை. அவ்வையத்தினின்றும் பிறப்பனவே சிறுபான்மையோர் கட்சிகள். அவை பெரும்பாலும் புதுமையை விரும்பாது, உள்ளதைக் காத்துக்கொள்ளும் நோக்குடையனவாய், கற்றோரும் நிலமுடையோரும் வழக்கறிஞரும் தலைமை வகிப்பனவாய் அமைகின்றன. இத்தகைய கட்சிகளால் சிறுபான்மையோர்க்கு விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பதனை ஆராய்வது அரசியல் நூல் பயிலும் மாணாக்கர்க்கு மட்டுமன்று, எல்லார்க்குமே பயன்றருவதாம். இவ்வாராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொள்வது கடல் கடந்த இலங்கையின் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ்.

"அலங்காநல்லூரில் இருந்துகொண்டு இலங்கைக் கட்சியைப் பற்றி எழுதுவானேன்?" என வினவுவார் உளராயின், அவர்க்கு விடை இரண்டு கூறுவோம். ஒன்று, நம்மைப் போன்ற மிஷன் கல்லூரி மக்களுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள உறவு. 1834-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷன் கிளைத்தது யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்தே. மற்றொன்று, இதனினும் ஆழமானது. பெரியாற்று நீர் 1895-இல் வந்து சேருமுன் நம் மதுரைச் சமவெளியின் பெரும்பகுதி வானத்தை நோக்கி வாழ்ந்த பூமி. மழை பொய்த்த காலங்களில், சிறப்பாக 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில், மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளினின்றும் ஏழை மக்கள் கங்காணிமார் பின்னே கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டனர். தொண்டி, பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாய்ச் சென்று, முதலிற் கோப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். வழியிலே மாண்டோர் பலர். எஞ்சியோரின் மக்களும் மக்களின் மக்களுமே இன்று மலையகத் தமிழர் எனப்படுவோர். ஆகவே இது பிறர் கதையன்று. நம் ஊர்களினின்றும் போன உறவினர் கதையே.

1946-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலங்கையின் மொத்த மக்கள் ஏறத்தாழ 66½ லட்சம். அவருள் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 7,34,000. இந்தியத் தமிழர் எனப் பதியப்பெற்றோர் ஏறத்தாழ 7,81,000. அஃதாவது, வடக்கிலும் கிழக்கிலும் தொன்றுதொட்டு வாழ்ந்த தமிழரைக் காட்டிலும் மலையகத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் தொகை சற்று மிகுந்தே இருந்தது. இத்தொகையை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின் வருவனவற்றிற்கெல்லாம் இதுவே திறவுகோல்.

திருவாளர் ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் தலைமையில் தமிழ்க் காங்கிரஸ் தோன்றியது 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில். அவ்வாண்டின் இறுதியில் ஸோல்பரி பிரபுவின் கமிஷன் இலங்கைக்கு வந்தது. சிங்களவர்க்குப் பாதி ஸ்தானம், ஏனைய சிறுபான்மையோர் அனைவர்க்கும் சேர்த்துப் பாதி ஸ்தானம் என்னும் "ஐம்பதுக்கு ஐம்பது" கோரிக்கையை அவர் அக்கமிஷன் முன் வாதித்தார். பெயர்பெற்ற வழக்கறிஞராகிய அவரது வாதத்திறன் எல்லாரும் புகழத்தக்கதாக இருந்தது. ஆனால் கமிஷன் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. அதற்கு மாறாக, எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாது என்னும் 29-ஆம் பிரிவு புதிய அரசியலமைப்பில் இடம்பெற்றது.

1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், தேர்ந்தெடுக்கப்படும் ஸ்தானங்கள் 95-இல் திருவாளர் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 42 மட்டுமே பெற்றது. தமிழ்க் காங்கிரஸ் 7 ஸ்தானங்களை வென்றது. மலையகத்தினின்றும் இலங்கை இந்தியர் காங்கிரஸின் பிரதிநிதிகள் வந்தனர். தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிக் கட்சிகளுக்கும் பல தொகுதிகளில் துணைசெய்தது. சுயேச்சையாளர் துணைகொண்டே சேனநாயக்கா மந்திரிசபை அமைத்தார். எனவே புதிய அரசாங்கம் அப்போது உறுதியான பெரும்பான்மை உடையதன்று.

1948 பிப்ரவரி 4-ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே இலங்கைப் பிரஜாவுரிமை மசோதா பார்லிமெண்டில் வந்தது. இலங்கையிற் பிறந்தவன் என்பது மட்டும் போதாது; தந்தையும் இலங்கையிற் பிறந்தவனாக இருத்தல் வேண்டும், அன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவராக இருத்தல் வேண்டும் என அது விதித்தது. பிறப்புப் பதிவே அருகியிருந்த தோட்டத்து லயன்களில் வாழ்வோர் இதனை எங்ஙனம் நிரூபிப்பர்? தமிழ்க் காங்கிரஸ் இம்மசோதாவை எதிர்த்தே வாக்களித்தது. இதனை நாம் நன்றியோடு குறிக்கின்றோம். எனினும் மசோதா நிறைவேறிற்று. அதன்பின் சில நாட்களிலேயே திருவாளர் பொன்னம்பலம் சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்து கைத்தொழில், மீன்பிடி இலாக்காக்களை ஏற்றார். அவ்வாண்டு டிஸம்பரில், இந்தியர் பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதா வந்தபோது அவர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். அவர் கட்சியினரான திருவாளர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் எதிர்த்தனர். கட்சி பிளந்தது, 1949 டிஸம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது.

இச்சட்டங்களின் விளைவு என்ன? 1949-ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதார்க்கு வாக்கில்லை என்றது. 1947-இல் வாக்களித்த மக்கள் 1952-இல் வாக்கற்றவராயினர். மலையகத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரும் அவ்வாண்டு பார்லிமெண்டினுள் நுழையவில்லை. பிரஜாவுரிமைக்காக எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 29-ஆம் பிரிவைக் காட்டி வழக்காடியபோது, 1953-இல் லண்டன் பிரிவி கவுன்சில் இச்சட்டங்கள் பாரபட்சமுடையன அல்ல என்று தீர்ப்பளித்தது. ஏட்டில் எழுதிய காப்பு ஏட்டோடு நின்றது. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்பதென 1974-இல் முடிவாயிற்று. ஆட்டு மந்தையைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டனர். அவரை ஒரு சொல் கேட்டார் இல்லை. எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் இலங்கைச் சட்டம் நிறைவேறியது 2003-ஆம் ஆண்டில். 1948-க்கும் 2003-க்கும் இடையே கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

இனி, பொன்னம்பலம் அவர்களின் சார்பில் கூறத்தக்கவற்றையும் கூறுதல் நடுநிலையாளர்க்கு அழகு. சிறிய கட்சியொன்று என்றென்றும் எதிர்வரிசையில் அமர்ந்து முழக்கமிடுவதால் தன் மக்களுக்கு ஒரு கிணறும் வெட்டித்தர இயலாது என்பது அவர் கருத்து. மந்திரியாக இருந்து அவர் வெறுங்கையராய் இருக்கவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகிதத் தொழிற்சாலை ஆகியவற்றை இன்றும் மக்கள் அவர் பெயரோடு சேர்த்தே பேசுவர். உள்ளே இருந்தாற்றான் சட்டத்தின் கொடுமையைத் தணிக்கலாம் என்பதும் ஒரு நியாயமே. இவற்றை நாம் எளிதிற் புறந்தள்ளவில்லை.

ஆனால் கணக்கொன்று உண்டு. இலங்கையில் தொகுதிகளை வகுத்தபோது மக்கள் தொகையையே முதன்மையாகக் கொண்டனர். வாக்காளர் தொகையை அன்று. மலையகத் தமிழர் வாக்கிழந்த பின்னரும் அவர் தலைகள் தொகுதிக் கணக்கிற் சேர்ந்தன. அவர் இருப்பால் உண்டான ஸ்தானங்களை அவர் வாக்கின்றியே பிறர் வென்றனர். இதனால் சிங்களப் பிரதிநிதிகளின் தொகை பெருகிற்று. தமிழர் அனைவரின் பலமும், யாழ்ப்பாணத்தார் பலம் உட்பட, குன்றிற்று. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தபோது அதனைத் தடுக்கும் பலம் பார்லிமெண்டில் தமிழர்க்கு இல்லை. "அவர்கள் கூலிகள், நாம் குடிகள்" எனப் பிரித்து நினைத்தோர், கூலியின் கையிலிருந்து பறிக்கப்பட்டது தம் கையின் பலமும் ஆம் என்பதனைப் பின்னரே உணர்ந்தனர். பாதி ஸ்தானம் கேட்ட கட்சி, இருந்த ஸ்தானங்களும் சுருங்கத் துணைநின்றது என்பதனினும் துயரமானதொரு முரண்பாடு உண்டோ?

எம்மூர் வாடிவாசலில் ஒரு விதி உண்டு. திமிலைப் பற்றியவனே காளையை அடக்கியவன். வாலைப் பற்றியவன் வீரனாகான், விலக்கப்படுவான். தமிழ்க் காங்கிரஸ் 1948-இற் பற்றியது அதிகாரத்தின் திமில் எனத் தோன்றிற்று. உண்மையில் அது வாலே. திமிலாவது எது? அரசாங்கம் உறுதி பெறாதிருந்த அக்காலத்தில் ஏழு வாக்குகளுக்கு இருந்த மதிப்பே திமில். அதனை, சட்டத்தைத் திருத்துவதற்கு ஈடாக அன்றி, இலாக்காவுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டனர். 1953-இல் ஸர் ஜான் கொத்தலாவலை பிரதமரானபின் பொன்னம்பலம் மந்திரிசபையில் இடம் இழந்தார். 1956-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சிக்கு எஞ்சியது ஒரே ஸ்தானம். தமிழரசுக் கட்சிக்குப் பத்து.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரியாகிய அமெரிக்க மிஷன் பள்ளியிற் பயின்றவர் செல்வநாயகம் என்பதனால் அவரை நாம் தூக்கி வைத்துப் பேசுகின்றோம் என எவரும் எண்ணற்க. அவர் கட்சியும் கரை சேரவில்லை. 1957-இல் பண்டாரநாயக்காவோடு செய்த ஒப்பந்தம் அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965-இல் டட்லி சேனநாயக்காவோடு செய்ததும் நிறைவேறவில்லை. அவ்வாண்டு தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்திற் பங்கேற்றது. ஆகவே, மந்திரிசபையிற் சேர்வது பாவம், சேராமை புண்ணியம் என்று நாம் கூறவில்லை. நாம் வினவுவது வேறு: தம்மினும் எளியவரைக் கைவிடாமல் இக்கட்சி நின்றதா? 1948 டிஸம்பரில் தோல்வி உறுதி என அறிந்தும் எதிர்த்து வாக்களித்தாரே, அவர் தோற்றாலும் ஓர் உறவைக் காத்தனர். 1972-இல் தமிழர் கட்சிகள் கூட்டணியாய் ஒன்றுபட்டபோது மலையகத்துத் தொண்டமானும் அதில் வந்து அமர்ந்ததற்கு இவ்வுறவும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

இன்னுமொன்று கூறாதிருத்தல் நேர்மையன்று. சிறுபான்மையினுள்ளும் சிறுபான்மை உண்டு. யாழ்ப்பாணத்தில் சாதியால் ஒடுக்கப்பட்டோர் 1940-களில் தமக்கென அமைத்த சங்கத்தின் பெயர் சிறுபான்மைத் தமிழர் மகாசபை. அப்பெயரைச் சற்று நின்று நோக்குக. தமிழர் கொழும்பை நோக்கி "நாங்கள் சிறுபான்மையோர், எங்களுக்கு நீதி வேண்டும்" என்று முறையிட்ட அதே காலத்தில், அத்தமிழருட் சிலர் தமிழரை நோக்கி அதே முறையீட்டைச் செய்தனர். 1948-இல் பிரஜாவுரிமை மசோதாவை ஒட்டி மந்திரிப் பதவியைத் துறந்த திருவாளர் சி. சுந்தரலிங்கம், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைவதற்கு எதிராக நின்றார். ஒரு வாயிலில் நீதி கேட்டவர் மற்றொரு வாயிலில் அதனை மறுத்தார். 1939 ஜூலை 8-ஆம் நாள் நம் மீனாக்ஷியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்ததை எண்ணி மதுரையோராகிய நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் நம் கிராமங்களில் தனிச் சுடுகாடும் தனித் தெருவும் இன்றும் உள்ளவரை, பிறரை நோக்கி விரல் நீட்டுமுன் நம் விரலையும் பார்த்துக்கொள்ளல் நன்று.

இவ்வியல்பு தமிழர்க்கே உரியதன்று. ஆப்பிரிக்காவின் கென்யா 1963 டிஸம்பரில் சுதந்திரம் பெற்றது. பெருங்குடிகளாகிய கிக்குயு, லுவோ மக்கள் செல்வாக்குப் பெற்ற கானு கட்சிக்கு அஞ்சிய சிறு குடிகள், 1960-இல் காடு என்னும் கட்சியைத் திருவாளர் ரானல்ட் இங்காலாவின் தலைமையில் அமைத்தனர். வெள்ளைக் குடியேற்றக்காரர் சிலரும் அதனை ஆதரித்தனர். மாகாணங்கட்குத் தன்னாட்சி வேண்டும் என்னும் "மஜிம்போ" கொள்கையே அதன் உயிர். சுதந்திர அரசியலமைப்பில் அக்கொள்கை இடம்பெற்றது. ஆனால் ஓராண்டு முடியுமுன், 1964 நவம்பரில், அக்கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டு ஆளும் கட்சியோடு சேர்ந்தது. மாகாணத் தன்னாட்சியும் மறைந்தது. காடு கட்சித் தலைவருள் ஒருவராகிய டானியல் அரப் மோய் 1978-இல் நாட்டின் தலைவரே ஆகி 2002 வரை ஆண்டார். தலைவர் உயர்ந்தார், கொள்கையோ 2010-ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு 47 மாவட்ட அரசுகளை நிறுவும்வரை காத்துக் கிடந்தது. சிறுபான்மையைச் சார்ந்த ஒருவன் பதவி பெறுதல் வேறு, சிறுபான்மை பாதுகாப்புப் பெறுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இவற்றால் நாம் துணியும் உண்மைகள் மூன்று. முதலாவது, தொகையைக் காட்டி உரிமை கேட்கும் கட்சி தொகையாலேயே தோற்கும். மனிதனுக்குரிய நீதி என்னும் பொதுநிலையில் நின்று கேட்பதற்கே நிலைபேறு உண்டு. ஐம்பதுக்கு ஐம்பது என்பது பேரம். லயனிற் பிறந்த குழந்தையும் பிரஜையே என்பது நீதி. இரண்டாவது, புதிதாய் விடுதலை பெற்ற நாட்டில் முதற் சில ஆண்டுகளில் இயற்றப்படும் சட்டங்களே பின்வரும் தலைமுறைகளின் தலையெழுத்தாகின்றன. அக்காலத்தில் சிறுபான்மைக் கட்சியின் ஒரு வாக்கு பின்னாளைய நூறு கூட்டங்களுக்கு ஒப்பாகும். மூன்றாவது, தன்னினும் சிறியவனுக்குக் குடை பிடிக்காதவன் தன்னினும் பெரியவனிடம் நிழல் கேட்கும் உரிமையை இழக்கின்றான்.

இவையெல்லாம் பழங்கதை என மாணாக்கர் எவரேனும் கருதுவரேல், அவர் நெடுந்தூரம் செல்ல வேண்டா. மதுரையை அடுத்த ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களைச் சென்று பார்க்க. தமிழ்நாடெங்கும் இத்தகையன நூற்றுக்கு மேல் உள. அவற்றில் வாழ்வோருள் மலையக வழிவந்தோரும் உளர். அவர்தம் முன்னோர் நம் ஜில்லாக்களினின்றும் சென்றோர். இலங்கை அவரை இந்தியர் என்றது. கலவரத்திற்கு அஞ்சி இங்கே வந்தபின் இந்தியா அவரை இலங்கையர் என்கின்றது. அவர் குழந்தைகள் நம் தமிழ்ப் பாடநூலையே படித்து, நம் பரீக்ஷைகளையே எழுதி, பட்டமும் பெறுகின்றனர், அரசாங்க உத்தியோகம் என்ற வாயிலில் வந்ததும் "நீ எந்நாட்டுப் பிரஜை?" என்னும் கேள்வி அவரை நிறுத்துகின்றது. 2019-இல் நம் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இந்திய வமிசாவளித் தமிழர் சிலரின் வழக்கில், அவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவும் அரசாங்கம் அதனை முடிவு செய்யவும் வழிகாட்டிற்று. அதே ஆண்டில் இந்தியப் பார்லிமெண்டு நிறைவேற்றிய பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேசம் என மூன்று நாடுகளைக் குறித்தது, இலங்கையைக் குறிக்கவில்லை.

இம்மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்குதல் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அது கருணையால் இடும் பிச்சையன்று. 5,25,000 பேரை ஏற்போம் என 1964-இல் இத்தேசம் கையெழுத்திட்டுத் தந்த வாக்கின் எச்சமாகவே அதனைக் கொள்ளல் வேண்டும். அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் வாளாவிருத்தலும் தகாது. முகாமிலிருந்து வரும் மாணாக்கரைக் கல்லூரியிற் சேர்த்துக்கொள்வதோடு அமையாது, சட்டம் பயிலும் நம் பழைய மாணவர்கள் அவர்தம் விண்ணப்பங்களை எழுதித்தரலாம். சரித்திரம் பயில்வோர் முகாமிலுள்ள முதியோரைக் கண்டு, அவர் பாட்டனார் எவ்வூரினின்றும் போனார் என்பதனைக் குறித்து வைக்கலாம். தாளில் பெயரில்லாமையாலேயே உரிமை இழந்த மக்களுக்குத் தாளில் ஒரு பெயரை எழுதித்தருவது சிறிய உதவியன்று.

தமிழ்க் காங்கிரஸ் இன்னும் மறைந்துவிடவில்லை. நிறுவியவரின் பேரர் அதனை நடத்துகின்றார். 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு ஸ்தானமும் பெற்றது. அதன் வருங்காலத்தை இலங்கைத் தமிழரே தீர்மானிக்கட்டும். நமக்கு வேண்டுவது அதன் வரலாறு தரும் எச்சரிக்கை ஒன்றே. நாம் ஒவ்வொருவரும் ஓரிடத்திற் சிறுபான்மையோராகவும் மற்றோரிடத்திற் பெரும்பான்மையோராகவும் இருக்கின்றோம். சிறுபான்மையோராய் இருக்கும் இடத்தில் நாம் எதனை வேண்டுகின்றோமோ, அதனைப் பெரும்பான்மையோராய் இருக்கும் இடத்தில் வழங்கக் கற்போமாக.